அத்தை விற்ற புல்லாங்குழல்

என் மாமியாருக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழக்கமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில், காத்தோங்கில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்திருந்தோம். அவர் எழுந்து உள்ளே போய், ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, அப்பளத் தட்டை நகர்த்திவிட்டு என் முன்னால் வைத்தார்.

“மாப்பிள்ளை, இதை வித்துக் கொடுங்க.”

என் மனைவியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மாமாவின் புல்லாங்குழல். நம் ஊர் மூங்கில் குழல் அல்ல. வெள்ளைக்காரர்கள் வாசிப்பது. கறுப்பேறிய மரம், அதில் துளைகளை மூடித் திறக்க எட்டு வெள்ளிச் சாவிகள், மூட்டுக்கு மூட்டு வெள்ளி வளையங்கள். நான்கு துண்டுகளாகக் கழற்றி, வெளுத்துப்போன நீல வெல்வெட்டில் படுக்க வைத்திருக்கும்.

“அம்மா, அது அப்பாவோடது” என்றாள் என் மனைவி.

“தெரியும்டி. தினம் கேட்டவ நான்தானே.”

“அப்போ நான் எடுத்துக்கிறேன். விக்க வேணாம்.”

“எடுத்துட்டுப் போய் என்ன செய்வ? அலமாரியில வெப்ப. அலமாரியில இருக்கறதுக்கு என் அலமாரியே போதும்லா.”

அத்தைக்கு அப்போது வீட்டைக் காலி செய்கிற மும்முரம். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று அறை வீட்டை விற்றுவிட்டு, ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்கு அடுத்த பிளாக்கில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். “ஒரே வீட்டில இருந்தா உங்க வீட்டு அடுப்பு யாரோடதுன்னு சண்டை வரும். பக்கத்து பிளாக்னா எனக்குத் தனி அடுப்பு” என்று முடித்துவிட்டார். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு சாமானாக வீட்டிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் புல்லாங்குழலின் முறை.

வீடு திரும்பும்போது என் மனைவி என் பக்கம் திரும்பாமலே காரை ஓட்டினாள். பெட்டி என் மடியில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாத மனிதனின் மடி.

மாமா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். அவர்களுடைய பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூரேசியக் குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத் தலைவர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவருடைய சாமான்களைக் கப்பலில் ஏற்றும் வேலை முழுவதையும் மாமாதான் ஓடியாடிப் பார்த்துக்கொடுத்திருக்கிறார். கிளம்பும் நாளில் அவர் இந்தப் பெட்டியை மாமாவின் கையில் கொடுத்து, என் தாத்தாவுடையது, என் பிள்ளைகள் யாரும் தொடுவதில்லை, நீ வைத்துக்கொள் என்றாராம். மாமாவுக்கு அதுவரை ஒரு விசில்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது.

தானாகவே கற்றுக்கொண்டார். நான் மாப்பிள்ளையாகப் போன காலத்தில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் பல்லவி அவருக்குக் கைவசம் இருந்தது. சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு உயர்ந்த சுரம் வரும். அங்கே மூச்சுப் போதாது. காற்று மட்டும் வரும். “ச்சே” என்பார். திரும்பவும் பல்லவி. கடைசிவரை அந்தச் சரணத்துக்குள் அவர் போகவே இல்லை.

நான் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பார்க்கத் தெரியும். குழல் பார்க்கத் தெரியாது. இருந்தாலும் லென்ஸ் வைத்து அந்த மரத்தைப் பார்த்தேன். நான்கு துண்டிலும் ஒரே முத்திரை. செய்தவர் பெயரும், அதன் கீழே லண்டன் என்றும் இருந்தது. தலைத்துண்டில் ஊதும் துளையிலிருந்து மேலே ஒரு மெல்லிய வெடிப்பு. எனக்கு அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவது நாளே அத்தை பேருந்து பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, யாராச்சும் கேட்டாங்களா?”

“நான் இன்னும் யார்கிட்டயும் காட்டலை அத்தை.”

“காட்டாம எப்படி விப்பீங்க? அந்தக் காராங்குனிக்காரனே பத்து வெள்ளி தர்றேன்னான். பழைய பேப்பர் எடுக்க வந்தவன். அந்தப் பெட்டியோட கொக்கிக்கே பத்து வெள்ளி தரலாம். போடான்னு அனுப்பிட்டேன்.”

கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியக் கடை. ஆர்மோனியமும் மிருதங்கமும் கூரைவரை அடுக்கியிருக்கும். கடைக்காரர் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். நம் குழலைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். ஊதினார். எங்கோ ஒரு துளையிலிருந்து காற்று கசிந்தது. இன்னொரு முறை ஊதினார். ஒரு சாவி தானாகத் திறந்துகொண்டது.

“அம்மா, இது நம்ம குழல் இல்லலா. நம்மளோடதுல விரலாலேயே மூடித் திறக்கணும். இதுல பாதி வேலையைச் சாவி செய்யுது. நான் விலை சொன்னா அது பொய்தான்.”

“பொய்யாவே ஒண்ணு சொல்லுங்களேன். கேட்டு வெச்சுக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டு, பள்ளிக்கூட பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கிற ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அவரும் நம் ஆள்தான், ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர், பழைய குழல் என்றால் உயிர் என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனோம். நகரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதியின் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் சதுரத் தொப்பி போட்ட, நெடுநெடுவென்ற மனிதர். பூர்வீகம் கடலூர்ப் பக்கம் என்றும், தன் பாட்டனார் காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள் என்றும் சொன்னார். சுவர் முழுக்க வளைந்த ட்ராம்போன்களும் சாவி கழன்ற கிளாரினெட்டுகளும் தொங்கின. அத்தைக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பெட்டியைத் திறந்ததும் அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, உள்ளே ஒரு சிறிய விளக்கை விட்டுப் பார்த்தார். அளந்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

“ரொம்ப நல்ல வேலைம்மா இது. நூறு, நூத்தம்பது வருஷம் இருக்கும். உங்க வீட்ல இதை என்ன மரம்னு சொல்வாங்க?”

“கருங்காலின்னு சொல்வாரு.”

“இல்லம்மா. வெஸ்ட் இண்டீஸ்ல இருந்து வந்த மரம் இது.”

அத்தை என் பக்கம் திரும்பினார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மாமாவுக்கு வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணி என்றால் பைத்தியம். ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு அவர்கள் ஆட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்.

“தெரிஞ்சிருந்தா தலைகால் புரிஞ்சிருக்காது அவருக்கு” என்றார் அத்தை.

பழுது பார்ப்பவர் தலைத்துண்டின் வெடிப்பைக் காட்டினார். உள்ளே பித்தளைக் குழாய் இருக்கிறது, மரம் காய்ந்து சுருங்கும், பித்தளை சுருங்காது, அதனால் மரம் பிளக்கும், இந்த வகைக் குழல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், ஒட்டிவிடலாம் என்றார். பிறகு ஒரு சாவியை விளக்கருகே கொண்டுபோனார்.

“இந்த வெள்ளியில முத்திரை இருந்திருக்கு. முக்கால்வாசி அழிஞ்சிருச்சு. யாரும்மா இதை இப்படித் தேய்ச்சது?”

“நான்தான் தம்பி” என்றார் அத்தை, பெருமையாக. “பொங்கலுக்கு வெள்ளிச் சாமான் தேய்க்கும்போது இதையும் சேர்த்துத் தேய்ச்சிடுவேன். திருநீறு போட்டா பளபளன்னு வரும்.”

அவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். “வந்திருக்கும்மா” என்றார். “ரொம்ப நல்லாவே வந்திருக்கு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை கவனிக்கவில்லை. அவர் கண் வேறெங்கோ போயிருந்தது. ஒரு துண்டு இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில், இறுக்கமாக இருப்பதற்காக மாமா நூல் சுற்றியிருந்தார். மெழுகு தடவி, வரிவரியாக, அடர்ந்த சிவப்பு நூல்.

“அது என்ன நூல்?”

“பொதுவா இங்க தக்கை இருக்கும், இல்ல நூல் இருக்கும். உங்க வீட்டுக்காரர் சுத்தினதுதான்னு நினைக்கிறேன். அழகாச் சுத்தியிருக்காரு.”

அத்தை அந்தத் துண்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். என் கடைக் கண்ணாடிதான் போட்டிருந்தார், நன்றாகத் தெரிந்திருக்கும்.

“இது என் நூலு” என்றார். “மாப்பிள்ளை, இது என் நூலு! தீபாவளிக்குச் சிவப்புப் பட்டுல ரவிக்கை தைச்சிட்டு இருந்தேன். ஒரு கை தைச்சாச்சு, இன்னொரு கைக்கு நூல்கண்டைக் காணோம். புது கண்டு. அந்தச் சாயல்ல வேற நூல் எங்கயும் கிடைக்கலை. உங்க பொண்டாட்டிதான் பட்டம் விட எடுத்துட்டுப் போயிட்டான்னு முதுகுல ரெண்டு போட்டேன். அவ அழுது அழுது, நான் எடுக்கலைன்னு சொன்னா. இந்த மனுசன் பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தாரு. வாயே திறக்கலை!”

உடனே கைத்தொலைபேசியை எடுத்தார். என் மனைவி எடுத்ததும் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஏய், அந்தச் சிவப்பு நூலை நீ எடுக்கலைடி.”

“எந்த நூலும்மா?”

“ரவிக்கை நூலு. தீபாவளி ரவிக்கை.”

 அந்தப் பக்கமிருந்து, “எத்தனை வருஷமா சொல்றேன் நான்!” என்று ஒரு கூச்சல். நாற்பது வருடத்துக்கு முந்தைய விஷயம். இருவருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. “உங்கப்பாதான் திருடன்” என்று அத்தை சொல்ல, அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அத்தையும் சிரித்தார். பழுது பார்ப்பவர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“சாரிடி கண்ணு” என்றார் அத்தை கடைசியில். மகளிடம் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

விலை விஷயத்துக்கு வந்தோம். தானே எடுத்துக்கொண்டால் எண்ணூறு வெள்ளி தர முடியும் என்றார் பழுது பார்ப்பவர். ஆனால் வாசிக்கிறவர் கையில் நேராகக் கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு கேட்கலாம், அது நியாயமான விலைதான். அயர்லாந்து நாட்டு இசை வாசிக்கிற சின்னக் கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது, அவர்களுக்கு இந்த மாதிரி மரக்குழல்தான் வேண்டும், அதில் ஒரு பெண் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றார். விற்பதானால் நூலை எடுத்துவிட்டுத் தக்கை போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டார்.

“நூல் கெட்டுப் போச்சா?”

“இல்லம்மா, ஸ்டிராங்காத்தான் இருக்கு.”

“அப்போ எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும்.”

வெடிப்பை ஒட்டி, சாவிகளின் அடித்தோலை மாற்றி, இரண்டு வாரத்தில் குழல் தயாரானது. அதற்குள் அத்தையின் வீட்டில் சோபா போய்விட்டது, உணவு மேசை போய்விட்டது. குழலை வாங்கும் பெண் ஒரு ஞாயிறு காலை வந்தபோது, கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கி வைத்த பெட்டிகளும்தான் இருந்தன. என் மனைவியும் வந்திருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், காலையில் எனக்கு முன்பே காரில் உட்கார்ந்திருந்தாள்.

தமிழ்ப் பெண் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. முப்பது வயதுக்குள் இருக்கும். மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை. மூட்டு வலிக்காரர்களை நாள் முழுக்க நடக்க வைக்கிறவள். அயர்லாந்து இசை எப்படிப் பிடித்தது என்று என் மனைவி கேட்டாள்.

“பாலிடெக்னிக்ல ஒரு ஃபிரெண்டு கூட்டிட்டுப் போனா ஆண்ட்டி. சும்மா பார்க்கத்தான் போனேன். அப்புறம் விட முடியல. எங்கம்மாக்கு இன்னும் புரியல, ஏன் நம்ம மியூசிக் கத்துக்கலைன்னு கேட்டுட்டே இருக்காங்க.”

துண்டுகளைப் பொருத்தினாள். சிவப்பு நூலைப் பார்த்து, “சோ நைஸ்!” என்றாள். அத்தை என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

பிறகு அவள் வாசித்தாள். ஏதோ ஒரு குதித்தோடும் மெட்டு. அந்தக் காலி கூடத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அடியில் இருளாகவும், மேலே போகப் போக வெளிச்சமாகவும் இருந்தது. எதிர் வீட்டு மலாய்க்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக நான் பார்த்துவந்த அதே மரத்துண்டுதான் அது. அதற்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

முடித்ததும் நானும் என் மனைவியும் அத்தையைத்தான் பார்த்தோம். அவள் கொஞ்சம் பயந்துபோய், “அங்கிள் வாசிக்கும்போது வேற மாதிரி இருக்குமா ஆண்ட்டி?” என்று கேட்டாள்.

“வேற மாதிரிதான்” என்றார் அத்தை. “கேத்தல்ல தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும்.”

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பேரம் தொடங்கியது. பெண் ஆயிரத்து இருநூறு சொன்னாள். அத்தை ஆயிரத்து ஐந்நூறில் நின்றார். வெடிப்பு இருக்கே ஆண்ட்டி என்றாள். ஒட்டியாச்சு என்றார் அத்தை. ஆயிரத்து முந்நூறு? முடியாது. எனக்கே சங்கடமாக இருந்தது. “அத்தை, பாவம், கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. நல்ல பொருளு. குறைச்சுக் கொடுத்தா இதுக்கு அவ்வளவுதான் மதிப்புன்னு ஆயிடும்.”

பெண் பெருமூச்சு விட்டாள். “ஓகே ஆண்ட்டி. புது வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கோம், புக்கிட் பாஞ்சாங்ல. ரெனவேஷன் செலவுலா, அதான் கேட்டேன்.” ஆயிரத்து ஐந்நூறையும் தொலைபேசியிலேயே என் கணக்குக்கு அனுப்பிவிட்டாள்.

“புது வீடா? கல்யாணம் ஆயிடுச்சா?”

“இந்த வருஷக் கடைசியில ஆண்ட்டி.”

“கிரைண்டர் இருக்கா?”

“இல்ல...”

“இட்லிச் சட்டி?”

அத்தை எழுந்துவிட்டார். நான் அடுத்த அரைமணி நேரம் என்ன செய்தேன் என்றால், சாமான் தூக்கினேன். கல் கிரைண்டர், இட்லிச் சட்டி, இரண்டு பித்தளைக் குடம், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள், பிரிக்காத ஒரு மெத்தை விரிப்பு, சமையலறை முக்காலி. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் “வேணாம் ஆண்ட்டி, ப்ளீஸ்” என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட்டைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு காசு குறைக்காதவர், குழலோடு சேர்த்து ஒரு குடித்தனத்தையே அனுப்பினார்.

எல்லாம் என் காரில்தான் ஏறின. இடமில்லாததால் என் மனைவி வீட்டில் தங்கிவிட்டாள். முன் இருக்கையில் அத்தை, பின்னால் கிரைண்டருக்கும் குடத்துக்கும் நடுவே குழல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண். புக்கிட் பாஞ்சாங்கில், இன்னும் சிமெண்டு வாசம் போகாத வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது, அவள் குனிந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். அத்தை அவள் முதுகைத் தட்டி, “ஈரத்தோட பெட்டியில வெக்காத” என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கோப்பிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவருக்குச் சீனி குறைவாக ஒரு தேநீர் வாங்கிவந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடை மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“விக்க வேணாம்னு இருந்தா சொல்லியிருக்கலாமே அத்தை” என்றேன்.

“அதெல்லாம் இல்ல. வித்தது நல்லதுதான்.” கொஞ்சம் குடித்தார். “அவருக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும்ல. வேலையில இருந்து வந்து குளிச்சிட்டு, நான் சமைக்கும்போது அடுப்பங்கரை வாசல்ல வந்து நிப்பாரு. என்ன ஆச்சு இன்னிக்கு, யாரு வந்தா, ஒண்ணும் கேக்கத் தெரியாது. சும்மா நிக்கவும் முடியாது. அதான் அதை ஊதுவாரு. கூடத்துல உக்காந்து ஊதி நான் பார்த்ததே இல்ல. பாட்டுக்காகவா ஊதினாரு? என் பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும் அந்த மனுசனுக்கு.”

அவர் கண் கலங்கியது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் எனக்கு எதிரில் அழுதது அதுதான் முதல் முறை. அவருக்கு அதில் வெட்கமும் இல்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, மீதி தேநீரையும் குடித்து முடித்தார்.

“அந்தப் பொண்ணு நல்லா ஊதுறா” என்றார் எழுந்திருக்கும்போது. “அவருக்கு இவ ஊதினதைக் கேக்கக் கொடுத்து வெக்கலை.”

அடுத்த மாதம் அத்தை ஆங் மோ கியோவுக்கு வந்துவிட்டார். குழல் விற்ற பணத்தில் என் மனைவிக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை எடுத்தார். மீதியில் தனக்கு ஒரு வாஷிங் மெஷின். அதன் பொத்தான்களைப் பற்றி எனக்கு வாரத்தில் மூன்று முறையாவது போன் வரும்.

போன வாரம் சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தபோது, புக்கிட் பாஞ்சாங் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் முதன்முதலாகச் சுட்ட இட்லி. தோசையா இட்லியா என்று சொல்ல முடியாதபடி தட்டையாகக் கிடந்தது. அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், என் மனைவியிடம் காட்டினார், உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

“என்னம்மா இது? உளுந்தை எவ்வளவு நேரம் ஊற வெச்ச? ... ஃபிரிட்ஜ் தண்ணியா ஊத்தின? யாரு சொன்னா உனக்கு?”

பேச்சு நீண்டுகொண்டே போனது. நானும் என் மனைவியும் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் பிளாக்குக்கு நடந்தோம்.